அக்கி என்று நான் தீர்மானித்தது

என் மகள்வழிப் பேத்திக்கு ஏழு வயதில் கண்ணிமைகள் ஊதாவாயின. விரல் மூட்டுகளின் மேல் சிவந்த தடிப்பு. மகள் என்னிடம்தான் கேட்டாள். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவனுக்குத் தெரியாத நடைமுறை கிடையாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதைப் பரப்பியவனும் நான்தான்.

"அக்கி" என்றேன்.

பந்தல்குடியில் பானை செய்கிற பெரியவர் ஒருவர் அக்கி எழுதுவார். செங்காவியைக் குழைத்துக் கோழியிறகால் தோலில் பூசுவார். பிள்ளையைப் பார்த்ததும் தயங்கினார்.

"அக்கின்னா கொப்புளம் வரும் சார், எரியும். இது வேற மாதிரியில்ல இருக்கு. டாக்டர்ட்ட காட்டுனீகளா?"

"நீங்க எழுதுங்க."

கீழே இருப்பவர் ஆட்சேபித்தால் எப்படி அமுக்குவது என்பது எனக்குக் கைவந்த கலை. எழுதினார். காவி காயட்டும் என்று மூன்று நாளும் அவளை வெயிலில் உட்கார வைத்தேன்.

அடுத்த மாதம் சாப்பிட்ட இடத்திலிருந்து எழ முடியாமல், தன் தொடையையே பிடித்துப் பிடித்து ஏறி நின்றாள். பஸ் படியில் கால் எழும்பவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகள், "ஏலே, கெழவிக்கு வழி விடுங்கலே" என்று சிரித்தன.

"தாத்தா, காலு தூக்க முடியல."

"நேத்து முடிஞ்சது இன்னைக்கு முடியலையாக்கும்? இந்த நடிப்பெல்லாம் எங்கிட்டயா?"

எத்தனை மருத்துவ விடுப்பு மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான். பொய் வலி நடந்து வரும்போதே தெரியும் என்று சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் அவள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. மகள் என்னைக் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டாள். என்னைத் தாண்டி மேலே போய்விட்டாளே என்று எனக்கு அது துரோகமாகப் பட்டது. அக்கி எழுதிய நாள் முதல் எல்லாவற்றையும் தேதி போட்டு நான் எழுதி வைத்திருந்த கோப்போடு மறுநாள் காலை நானும் போய்ச் சேர்ந்தேன்.

அந்த டாக்டரம்மா கோப்பைத் தொடவில்லை. பேத்தியைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். முந்தின நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். டெர்மடோமயோசைட்டிஸ் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் பகையென்று நினைத்துத் தாக்குகிறதாம். தொற்றாதாம். வேலி பயிரை மேய்வதை அலுவலகத்தில் தினமும் பார்த்தவன்தான். ஏழு வயது உடம்புக்குள்ளும் அந்த இலாகா நடக்கும் என்று தெரியாது.

"வெயில் படவே கூடாது, இந்த நோய வெயிலு கூட்டிவிடும்" என்றார். பிறகு அவளிடம் குனிந்து, "எப்ப இருந்தும்மா முடியல?"

"தீவாளிக்கு முன்னாடியே. தாத்தாட்ட சொன்னேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில். அப்போது பொங்கல் முடிந்திருந்தது.

மாத்திரையில் அவள் முகம் உப்பியது. வாரம் ஒரு ஊசி, தினமும் உடற்பயிற்சி. எட்டு மாதத்தில் சுவரைப் பிடித்து எழுந்தாள். இப்போது பிடிக்காமலே எழுகிறாள். முழுக்கத் தணிய வருஷங்கள் ஆகலாம், திரும்பவும் வரலாம், சின்ன மாற்றமென்றாலும் அவள் உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

போன வாரம் தலை சீவும்போது அவள் கை பாதியில் நின்றது.

"வலிக்குதா தாயி?"

"இல்ல தாத்தா."

கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் அவள் குரல் கேட்டது. "அம்மா, தோளு வலிக்குது. தாத்தாட்ட சொல்லிராத."