வலப்பக்கம் திரும்பாத கழுத்து

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை என் கழுத்து இடப்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. வலப்பக்கம் திருப்பப் பார்த்தால் தோள்வரை மின்னல் வெட்டியது. வெள்ளவத்தைச் சந்தையில் வலப்பக்கமாக வந்த அயல்வீட்டு அக்காவோடு கதைக்க, முழு உடம்பையும் தேர் திருப்புவதுபோலத் திருப்பவேண்டியிருந்தது. அதற்குள் அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை.

“எலும்பு நல்லா இருக்கு. ஒபிஸில ஏதும் டென்ஷனோ?” என்று டொக்டர் கேட்டார்.

“இல்லை டொக்டர்.”

“உங்களுக்கு வலப்பக்கம் ஆர் இருக்கிறவர்?”

“எங்கட மனேஜர்.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன், வேறு வழியில்லை.

மனேஜர் கெட்டவர் அல்லர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நான் கணினியில் எதையாவது அடிக்கும்போது மெல்லப் பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். ஏதும் பிழையா என்று கேட்டால், “சீச்சீ, நீங்கள் செய்யுங்கோ” என்பார்.

என் நிலையைக் கண்டு அவருக்கு மனம் இளகிவிட்டது. “பாவம், என்னோட கதைக்கக் கஷ்டப்படுறீங்கள்” என்று தன் மேசையைத் தானே தள்ளிக்கொண்டு என் இடப்பக்கத்துக்கு வந்தார். உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார். என் கழுத்து டக்கென்று வலப்பக்கம் திரும்பிவிட்டது.

ஒபிஸ் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்காததுதான் பெரிய அவமானம். எனக்கு அழுகை வந்தது. மனேஜர் தண்ணீர் குடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“பிள்ளை, கோவிக்கக்கூடாது. நீங்கள் இங்க வந்த நாளிலயிருந்து எனக்கு வயித்துக்குத்து.”

“ஏன் சேர்?”

“நீங்கள் கீபோர்டைக் குத்துற குத்து! என்னை ஏசுற மாதிரிக் கிடக்கு. ஸ்கேனும் எடுத்தாச்சு, ஒண்டும் இல்லையாம்.”

“அப்ப அந்தப் பெருமூச்சு?”

“வயித்துக்குள்ள குத்தினா மூச்சு விடத்தானே வேணும்!”

அவர் மூச்சு விட விட, அந்த எரிச்சலில் நான் இன்னும் அழுத்தி அடித்திருக்கிறேன். நான் அடிக்க அடிக்க அவர் மூச்சு விட்டிருக்கிறார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கழுத்து வலித்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே இரும்பு அலுமாரியை இழுத்து இரண்டு மேசைகளுக்கும் நடுவில் நிறுத்தினோம். கொஞ்சநாளில் என் கழுத்து இளகியது. அவருக்கும் குத்து விட்டுவிட்டது. மத்தியானங்களில் அவர் அலுமாரியைச் சுற்றிவந்து எனக்கு மீன்பொரியல் தருவார். புதிதாக வேலைக்கு வருபவர்கள் மட்டும், எங்கள் இருவருக்கும் தீராத பகை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.