கடைசி நாள் வரியும் ராகு காலமும்

போன வாரம் தபால் நிலையத்தில் யாரோ முத்திரை குத்தினார்கள். அந்த ஊதா மசி வாசனை மூக்கில் ஏறியதும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. இந்த வயதிலுமா என்று சிரிக்காதீர்கள். எண்பதுகளில் ராஜபாளையத்து பேங்கில் பிடித்த பயம் அது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் டீ போட்டுக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஆள் வந்தால் சுவரோரம் ஒதுங்குகிற சுபாவம். வீட்டில் அடுப்பெரிந்தது அந்தச் சம்பளத்தில்தான். கம்பெனிக்காரர்கள் லாபத்துக்கான வரியைத் தவணை தவணையாக முன்கூட்டியே பேங்கில் கட்ட வேண்டும். செக்கையும் செல்லானையும் கணக்கப்பிள்ளை கொண்டுபோவார். ஒரு தவணையின் கடைசி நாளில் அவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார்.

முதலாளி கையெழுத்துப் போட்டு என்னைக் கூப்பிட்டபோதே பதினொன்றரை. புதன்கிழமை வேறு, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். இரண்டு மணிக்கு பேங்கில் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

“இந்தா தாயி, இன்னைக்குக் கட்டலேன்னா வட்டி போட்டுருவான். ஒன்றரைக்கு முன்னால குடுத்தியோ, கம்பெனி வெளங்காது. ரெண்டுல எது நடந்தாலும் நாளைக்கு நீ வர வேண்டாம்.”

பஸ் ஏறி ராஜபாளையம் போனால் பேங்கில் ஒரே கூட்டம். கவுண்டரை ஒட்டிய பெஞ்சு நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தேன். முள் நகரவில்லை, வரிசைதான் நீண்டது. தண்ணீர் குடிக்க எழுந்திருக்கக்கூடப் பயம். கவுண்டர்காரர் கவனித்துவிட்டார்.

“ஏம்மா, எம்புட்டு நேரமா உக்காந்திருக்கீக? செல்லானா? கொண்டாங்க.”

“ஒன்றரைக்குப் பொறவு தாரேன் சார்.”

வரிசையில் நின்ற மில்காரர் ஒருவர், “ராகு காலம் பாக்காக போல! வரி கட்டவுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

“ஒன்றரைக்கு வரிசை ரோட்டுக்குப் போயிரும். பொறவு நான் எப்படி வாங்க?” கவுண்டர்காரர் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, என் கையிலிருந்ததை வாங்கி, டம்மென்று முத்திரை குத்திவிட்டார். மணி ஒன்றுகூட ஆகவில்லை. வேலை போயிற்று என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் துண்டுச் சீட்டைக் கிழித்து நீட்டினார். “அழாதீக. சீல்ல தேதிதான் இருக்கு, மணி இல்ல. ஃபேனுக்குக் கீழ செத்த நேரம் இருந்துட்டு, ரெண்டு மணிக்கு பஸ் ஏறுங்க.”

முதலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒன்றரை தாண்டித்தானே?”

நான் மேஜையில் இருந்த டீ டம்ளர்களைப் பொறுக்கினேன்.

“இவ என்னைக்கு வாயத் திறந்தா!” என்று சீட்டைச் சாமி படத்தடியில் வைத்துக்கொண்டார். வேலை பிழைத்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தறி நின்றால்கூட, அந்த ராகு காலச் சீல்தான் காரணமோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

இப்போது கம்பெனி வரியெல்லாம் கம்ப்யூட்டரிலேயே கட்டிவிடுகிறார்களாம். வரிசை கிடையாது, கம்பி கிடையாது. பயந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, “கொண்டாங்க” என்று கை நீட்டவும் அங்கே ஆள் கிடையாது.