வண்டு கொட்டிய புதிர்ப்போட்டி

"ஸ்டெல்லா டீச்சர் போய்ட்டாங்க சார்" என்று ஆய்வுக்கூட உதவியாளர் தொலைபேசியில் சொன்னபோது, "எங்க, கோலா குபு பாரு மீட்டிங்குக்கா?" என்று கேட்டேன். மறுமுனையில் அழுகைச் சத்தம். மாரடைப்பாம். ஒரு நாள்கூட ஓய்ந்து உட்காராதவரைப் பற்றி எனக்கு வேறு எப்படித்தான் நினைக்கத் தோன்றும்?

அவரிடம் படித்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோலா சிலாங்கூரில் எங்கள் இடைநிலைப்பள்ளியின் கணினி அறையில் அவர் அறிவியலைப் புதிர் விளையாட்டாக நடத்தினார். திரையில் கேள்வி வரும். பிள்ளைகள் முண்டியடித்து விடையை அழுத்துவார்கள். இவர் பந்தாட்ட வர்ணனையாளர் மாதிரி கத்துவார். பக்கத்து வகுப்பில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் சண்டைக்கே போனேன். "சத்தமே இல்லாத சயின்ஸ் வகுப்புல பிள்ளைங்க தூங்குது, இல்லாட்டி வாத்தியார் தூங்குறாரு. நீங்க எந்த ரகம் சார்?" என்றார். என் வகுப்புக்கே திரும்பி வந்தேன்.

பிறகு, மதிப்பெண்படி பிரித்திருந்த நான்காம் படிவ வகுப்புகளுக்கு இடையே இறுதிப்போட்டி வந்தது. எதிலுமே வென்றறியாத கடைசி வகுப்பு, அன்று முதல் வகுப்போடு சமப்புள்ளியில் நின்றது. கேள்விகளைத் தயாரித்தவன் நான். கடைசிக் கேள்வி: எண்ணெய் தரும் செம்பனையில் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் எதனால் நடக்கிறது? முதல் வகுப்பு 'காற்று' என்றது. கடைசி வகுப்புக்காகச் செம்பனைத் தோட்டத்துப் பெண் கவிதா 'பூச்சி' என்று அழுத்தினாள். திரை அவளுக்குச் சிவப்பைக் காட்டியது. நான் என் பழைய குறிப்பேட்டை நம்பிக் காற்றைச் சரியான விடையாகப் போட்டிருந்தேன்.

முதல் வகுப்பின் ஆரவாரத்தை ஸ்டெல்லா கையமர்த்தினார். "ஏம்மா பூச்சின்னு அழுத்துன?"

"ஆண் பூவைத் தட்டிப் பாருங்க டீச்சர், வண்டா கொட்டும்."

"சார், காடிய எடுங்கலா!" என்று ஸ்டெல்லா என் கார்ச் சாவியைக் காட்டினார்.

பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டு, ஓர் ஆண் பூங்குலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு பறந்து வந்தோம். வெள்ளைத்தாளின்மேல் ஸ்டெல்லா ஒரு தட்டுத் தட்டினார். கொட்டியதே பார்க்கலாம்! மகரந்தம் அப்பிய குட்டி குட்டி வண்டுகள். பாதிப் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். கடைசி வகுப்பு கவிதாவைத் தூக்கிக்கொண்டு ஆடியது. "தப்பு என்னுது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எனக்கே அது சந்தோஷமாக இருந்தது.

கணினி அறையை விட்டு வெளியே வரும்போது ஸ்டெல்லா சொன்னார்: "சிவப்பு விழுந்த பிள்ளைகிட்டதான் சார் நமக்குப் பாடம் இருக்கு."

நேற்று அவருடைய வகுப்பை நான் எடுத்தேன். புதிர் விளையாட்டேதான். ஒரு மாணவனுக்குச் சிவப்பு விழுந்தது. அடுத்த கேள்விக்குத் தாவப்போன கையை இழுத்துக்கொண்டு, "ஏன்யா அத அழுத்துன?" என்று கேட்டேன். அவன் எழுந்து நின்று சொல்லத் தொடங்கினான். ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்த 'ஏன்' ஒன்றுதான். அதைக் கேட்காமல் இனி எந்தப் பிள்ளைக்கும் தப்புப் போட மாட்டேன்.