ஹாலிஃபாக்ஸ் பஸ்ஸை நிறுத்திய கித்தேரியம்மாள்

கொடைக்கானலுக்கு வருகிற ஜனங்களை இரண்டு விதமாகத் தெரிந்துகொள்ளலாம். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தெரிந்துகொள்வது ஒரு விதம். அவர்கள் அறையைக் காலி செய்த பிறகு உள்ளே நுழைந்து தெரிந்துகொள்வது இன்னொரு விதம். அடைக்கலராஜ் முதல் விதம், அவர் மனைவி கித்தேரியம்மாள் இரண்டாவது.

அடைக்கலராஜ் சொந்தமாக டூரிஸ்ட் வேன் வைத்திருந்தார். தூண் பாறையானாலும் பூம்பாறையானாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கதை சொல்லிக்கொண்டு போவார். சிரிக்காமல் இறங்கியவர்கள் குறைவு. கித்தேரியம்மாளுக்கு ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். கலியாணமாகி வந்த புதிதில் தரை துடைக்கச் சேர்ந்தவள். இப்போது ஒரு மாடி முழுக்க அவள் பொறுப்பு. படுக்கை விரிப்பைப் பார்த்தே தங்கினவர்கள் சண்டை போட்டார்களா, சந்தோஷமாக இருந்தார்களா என்று சொல்லிவிடுவாள். ஆனால் வெளியே சொல்ல மாட்டாள். வாயைத் திறக்கிற வேலை வீட்டில் அடைக்கலராஜுடையது. பால்காரரிடம் பேசுவதும், பள்ளிக்கூடத்தில் பேசுவதும், மாதா கோயில் திருவிழாக் கமிட்டியில் பேசுவதும் அவரே. அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. பேச ஆள் இருக்கும்போது நாம் எதற்கு என்று இருந்துவிட்டாள்.

மகள் பிரின்ஸி மதுரையில் நர்சிங் படித்து, அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனாள். அங்கேயே கலியாணம், ஆக்னல் என்று ஒரு பையன். "வாங்கம்மா, வாங்கம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கோடை சீசன் முடியட்டும், பூஜை லீவு முடியட்டும், கிறிஸ்மஸ் கூட்டம் முடியட்டும் என்று கித்தேரியம்மாள் தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் பிரின்ஸியே விசாவுக்கெல்லாம் எழுதிப்போட்டு, டிக்கெட்டையும் அனுப்பிவிட்டாள். அதோடு ஒரு கப்பல் பயணமும் ஏற்பாடு செய்திருந்தாள். பாஸ்டனில் ஏறினால் வடகிழக்குக் கரையை ஒட்டியே போய், பழைய துறைமுக ஊர்களில் நின்று நின்று, கனடாவில் கியூபெக் என்ற ஊரில் இறக்கிவிடும். எல்லாருமாகச் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு.

கப்பலேறுவதற்கு முந்தின நாள் ஆக்னலுக்கு உடம்பெல்லாம் அம்மை போட்டுவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. கியூபெக்குக்கு நாங்க கார்ல வந்து கூட்டிக்கிறோம்" என்றாள் பிரின்ஸி.

"பிள்ளையை இப்படிப் போட்டுட்டு நான் எங்கே போறது?" என்றாள் கித்தேரியம்மாள்.

"அம்மா, நான் நர்ஸும்மா."

"நான் இருக்கேன்ல, பயப்படாதே" என்றார் அடைக்கலராஜ். "உலகத்துல இருக்கிறவனுக்கெல்லாம் ஊரைச் சுத்திக் காட்டினவன் நான். எனக்கு ஒரு கப்பலா பெருசு?"

கப்பல் பெரிதாகத்தான் இருந்தது. கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது, கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருக்கிற வீடுகளைப் பெயர்த்துக் கடலில் வைத்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. அவர்களுடைய கேபினில் வட்டமான ஒரு ஜன்னல். அதில் தண்ணீர் மட்டும் தெரிந்தது.

மறுநாள் அவள் வெள்ளனே எழுந்து, கை சும்மா இருக்க மாட்டாமல் இரண்டு படுக்கையையும் விரித்து, தலையணையைத் தட்டி, குளியலறையைத் துடைத்துவிட்டாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் வாசலிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். மாரிசெல் என்று பெயர், பிலிப்பைன்ஸ்காரி.

"மேடம், இது என் வேலை."

"என் வேலையும்" என்றாள் கித்தேரியம்மாள். ஓட்டலில் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம்தான். விருந்தாளிகளிடம் சொல்ல வேண்டிய சில வரிகளும், பூட்டு, சாவி, துண்டு, சோப்பு என்று சில வார்த்தைகளும் அவளுக்குத் தெரியும். சொன்ன கையோடு ஒரு பூத்துண்டை எடுத்து மடித்து அன்னப்பறவை செய்து நீட்டினாள். மாரிசெல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மத்தியானம் அறைக்குத் திரும்பியபோது படுக்கைமேல் துண்டில் செய்த யானை உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு இருவருக்கும் தினமும் இதுவே விளையாட்டாகிவிட்டது.

அடைக்கலராஜுக்குத்தான் எதுவும் ஒட்டவில்லை. பாஸ்டனிலேயே ஆரம்பித்திருந்தார். அங்கே பழைய கட்டடங்களைப் பார்க்கிறவர்கள் வழி தவறாமல் இருக்க நடைபாதையில் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். "கோட்டைப் போட்டுட்டா அப்புறம் கைடுக்கு என்ன சோலி? பொழப்பைக் கெடுக்கிறான்" என்றார். கப்பல் அடுத்து நின்ற போர்ட்லாண்டில் பாறைமேல் வெள்ளை வெளேரென்று கலங்கரை விளக்கம். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள், அவர் பஸ் டிரைவர் எப்படித் திருப்புகிறான் என்று பார்த்தார். எந்த ஊரில் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுமாம். கித்தேரியம்மாள் நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்பாட்டுக்குப் பார்த்துக்கொண்டு வருவாள். ஒருத்தரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை, அவளும் யாருக்கும் எதையும் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்தன. ஒரு மரம் இப்படிச் சிவக்குமா என்று ஒவ்வொரு மரத்தையும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

கனடாவில் ஹாலிஃபாக்ஸ் ஒரு பழைய துறைமுகம். குன்றின்மேல் கோட்டை, மத்தியானமானால் அங்கே பீரங்கி வெடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு மீனவ கிராமத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். வழவழவென்ற பெரும் பாறைகள், நடுவில் ஒரு கலங்கரை விளக்கம், கீழே சின்னத் துறையில் சிங்கி இறால் பிடிக்கிற கூண்டுகள் குவிந்து கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. மற்றவர்கள் நடுங்கினார்கள். கித்தேரியம்மாளுக்குக் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

நேரமாகிவிட்டது என்று கைடு பெண் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றித் தலையை எண்ணினாள். கணக்குச் சரியாக இருந்தது. பஸ் புறப்பட்டது. அவர் வழக்கம்போல முன்னால் இருப்பார் என்று கித்தேரியம்மாள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஒரு வளைவில் குலுங்கி விழித்துப் பார்த்தால், முதல் சீட்டில் சிவப்புத் தொப்பி போட்ட யாரோ ஒரு மனிதர். அடைக்கலராஜின் வழுக்கைத் தலையைக் காணோம்.

முன்னும் பின்னும் எழுந்து பார்த்தாள். எங்கேயும் இல்லை.

இப்படி ஒரு சமயத்தில் பேச வேண்டியவர் அவர். அவர்தான் இல்லை. பஸ் போய்க்கொண்டிருந்தது, பனியில் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. கித்தேரியம்மாள் சீட்டுக் கம்பிகளைப் பிடித்தபடி முன்னால் போனாள். வாயைத் திறந்ததும் ஓட்டலில் பழகின வரி தானாக வந்தது.

"எக்ஸ்கியூஸ் மீ. ஒன் கெஸ்ட் மிஸ்ஸிங்."

கைடு புன்னகையோடு, எண்ணியாகிவிட்டது, கணக்குச் சரி, உட்காருங்கள் என்றாள்.

"கவுண்ட் ஓகே" என்றாள் கித்தேரியம்மாள். "ஹஸ்பண்ட் நாட் ஓகே."

பஸ்ஸில் இரண்டொருவர் சிரித்தார்கள். கைடு மறுபடி உட்காரச் சொன்னாள். இவள் உட்காரவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, குரலை உயர்த்தி, "ஸ்டாப் ப்ளீஸ். ஸ்டாப். நிறுத்துப்பா!" என்றாள். கடைசி வார்த்தை தமிழில் வந்தது. டிரைவருக்கு அதுதான் சரியாகப் புரிந்த மாதிரி இருந்தது. பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டான்.

அப்போதுதான் சிவப்புத் தொப்பிக்காரர் எழுந்து திருதிருவென்று விழித்தார். அவர் வேறு பஸ்ஸில் வந்தவர், அவசரத்தில் இதில் மாறி ஏறிவிட்டார். அதனால்தான் கணக்கு ஒத்துப்போயிருந்தது. கைடுக்கு முகம் சிவந்தது. "ஸாரி மேடம், ஸாரி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கப்பலுக்கு நேரமாகுமே என்று யாரோ முனகினார்கள். டிரைவர் பஸ்ஸைத் திருப்பினான்.

வண்டி நிறுத்துமிடத்தில் பனிக்குள் அடைக்கலராஜ் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் கக்கத்தில் செருகியிருந்தார். பக்கத்தில் ஒரு மீனவர், கையில் பிளாஸ்க்கோடு. கூண்டில் இறால் எப்படி விழுகிறது என்று பார்க்கப் போய், சைகையிலேயே பேசி, திரும்பி வந்தபோது பஸ் இல்லை. செல்போன் கித்தேரியம்மாளின் பையில் இருந்தது. கப்பலின் பெயர்கூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லையாம்.

அவள் இறங்கி ஓடினாள். அவர் முகத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் கைவிட்டுப் போன பிள்ளையின் முகம்.

"வந்துட்டியா" என்றார்.

"வராம?"

"பஸ்ஸை யாரு நிறுத்தினது?"

"நான்தான்."

"நீயா? என்னன்னு சொல்லி நிறுத்தின?"

"ஏறுங்க முதல்ல. குளிருது."

மீனவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு அவரை முன்னால் ஏறவிட்டாள். பஸ்ஸில் எல்லாரும் கைதட்டினார்கள். அடைக்கலராஜ் முதல் சீட்டுக்குப் போகவில்லை. நடுவில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பயந்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சேச்சே" என்றார். கொஞ்சம் போன பிறகு, "ஆமா" என்றார்.

அவள் அவர் கையை எடுத்துத் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்தார். "அடேயப்பா, என்ன சிவப்பு இந்த மரம்!" என்றார். இத்தனை நாளாக அது அவர் கண்ணில் படவே இல்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு பயணம் வேறு மாதிரி ஆனது. எங்கே இறங்கினாலும் வரைபடத்தை அவள் வாங்கிக்கொண்டாள். வழி கேட்பதும் அவளே. தப்பும் தவறுமாகக் கேட்டாள், ஜனங்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அடைக்கலராஜ் பின்னால் வந்தார். சும்மா வருவதில் ஒரு சுகம் இருக்கிறது என்று அவருக்கும் பிடிபட்டுவிட்டது.

கியூபெக் ஆற்றங்கரையில் பாதியும் குன்றின்மேல் பாதியுமாக இருக்கிற ஊர். படிக்கட்டுகள் செங்குத்தாக ஏறின. கூட வந்தவர்கள் மூச்சு வாங்கி ஆங்காங்கே உட்கார்ந்துவிட்டார்கள். இவர்கள் மலைக்காரர்கள், பேசிக்கொண்டே ஏறிவிட்டு இறங்கினார்கள். கீழ் ஊரில் கல்லால் கட்டின ஒரு பழைய கோயிலுக்குள் போனார்கள். கூரையிலிருந்து ஒரு சின்னப் பாய்மரக் கப்பலைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே முழந்தாளிட்டு, ஆக்னலுக்கு அம்மைத் தழும்பு விழக்கூடாது என்று கித்தேரியம்மாள் வேண்டிக்கொண்டாள்.

வெளியே வந்தால் சதுக்கத்தில் மாரிசெல் நிற்கிறாள். சீருடை இல்லாமல் மஞ்சள் கோட்டு போட்டிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. கட்டடங்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்! எனக்கு இன்று கொஞ்ச நேரம் விடுமுறை கொடுத்தார்கள்" என்றாள். "இந்தத் துறைமுகத்துக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ஊருக்குள் கால் வைக்கிறது இதுதான் முதல் தடவை."

மூன்று பேருமாக ஒரு கடையில் உட்கார்ந்து சூடாக சாக்லெட் குடித்தார்கள். கொடைக்கானல் சாக்லெட் இதைவிட நன்றாக இருக்கும் என்று அடைக்கலராஜ் சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாகச் சொல்ல, மாரிசெல் சிரித்தாள். அவள் போன பிறகு கித்தேரியம்மாள் அடைக்கலராஜ் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நம்ம கந்தம்மாள் பேரிஜம் ஏரியைப் பார்த்திருப்பாளா?"

கந்தம்மாள் அவளோடு ஓட்டலில் வேலை பார்க்கிறவள்.

"அவ கொடைக்கானல்லயே பொறந்தவளாச்சே."

"அதுக்குத்தான் கேக்குறேன். வெள்ளனே வந்தா ராத்திரி வரைக்கும் ரூமு. எப்போ பார்த்திருப்பா? நானே பேரிஜம் பார்த்ததில்லையே. நீங்க கூட்டிட்டுப் போனீங்களா?"

அடைக்கலராஜ் கோப்பையின் அடியில் இருந்ததைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார்.

"சீசன் இல்லாத நாள்ல வண்டி சும்மாதானே கெடக்கு" என்றாள்.

"கெடக்கு" என்றார். பிறகு, "நல்ல யோசனைதான்டி" என்றார்.

மறுநாள் பிரின்ஸி காரோடு வந்து நின்றாள். ஆக்னலுக்கு அம்மை இறங்கிவிட்டிருந்தது. "எப்படிப்பா இருந்துச்சு?" என்று வழக்கம்போல அப்பாவிடம் கேட்டாள். "உங்கம்மாகிட்ட கேளு" என்றார் அவர். பாஸ்டன் வருகிற வரைக்கும் கித்தேரியம்மாள்தான் பேசினாள். பஸ்ஸை நிறுத்தினதைப் பையன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னான்.

ஊருக்குத் திரும்பி மழை ஓய்ந்த ஒரு வியாழக்கிழமை, அடைக்கலராஜின் வேன் ஓட்டல் பின்வாசலில் வந்து நின்றது. கந்தம்மாள் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். பாத்திரம் கழுவுகிற பிச்சையம்மாள் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். துணி துவைக்கிறவர்கள், காய் நறுக்குகிறவர்கள் என்று வண்டி நிறைந்துவிட்டது. பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதிச் சீட்டை அடைக்கலராஜ் முந்தின நாளே போய் வாங்கி வைத்திருந்தார். அங்கே போய் ஏரியைப் பார்த்துவிட்டு, பூம்பாறை வழியாக மன்னவனூர் போனார்கள். புல்வெளியில் ஆட்டு மந்தையைக் கண்டதும் பிச்சையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். இந்த வயதில் இவ்வளவு வேகமா என்று எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

விஷயம் மற்ற ஓட்டல்களுக்கும் பரவிவிட்டது. இப்போது கூட்டமில்லாத வாரங்களில் ஏதாவது ஓர் ஓட்டல் ஆட்களுக்கு வண்டி போகிறது. டீசலுக்கு எல்லாரும் சேர்ந்து போட்டுக்கொள்கிறார்கள். வேறு இரண்டு டிரைவர்களும் வண்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வழியில் கதை சொல்கிறவள் கித்தேரியம்மாள். அடைக்கலராஜ் நடுநடுவே ஒன்றிரண்டு திருத்தம் சொல்வார். சில சமயம் அவள் ஏற்றுக்கொள்வாள்.

போன வாரம் மன்னவனூரில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடைக்கலராஜ் பழக்கம்போல வண்டியிலேயே இருந்தார்.

"பிரின்ஸி அப்பா" என்று கித்தேரியம்மாள் புல்வெளியிலிருந்து சத்தம் போட்டாள். "அங்கே என்ன சோலி? வெரசா இறங்கி வாங்க, சோறு ஆறுது."

அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கந்தம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.