அழுகை கேட்காத டீச்சர்

மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு என் காது போய்விட்டது. அதற்கு முன் நான் பெரிய வாயாடியாம், அம்மா சொல்வார். பிறகும் வாயாடிதான், கையால்.

கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். நான் விடுதியில் தங்கி, காது கேளாதோர் பள்ளியில் படித்தேன். அங்கே கற்ற சைகை மொழியை லீவு நாட்களில் அண்ணன் மட்டும் ஆசையாகக் கற்றுக்கொண்டான். அம்மாவின் சமையலை அவர் எதிரிலேயே கிண்டலடிக்க அது எங்களுக்கு வசதியாக இருந்தது. தமிழ் எழுத்தும் அவனுடைய பழைய பள்ளிப் புத்தகங்களிலிருந்து வந்ததுதான்.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. உடல் முழுக்க வெள்ளை உடுப்பு, முகமூடி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிற எனக்கு முதல் வாரம் திண்டாட்டம். அப்புறம்தான் கவனித்தேன், இயந்திரச் சத்தத்தில் மற்றவர்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் கையை ஆட்டித்தான் காரியம் நடத்தினார்கள், அதுவும் படுமோசமாக. இரண்டு மாதத்தில் என் லைனில் இருந்த அத்தனை பேருக்கும் இருபது முப்பது சைகைகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்ற அக்காவுக்கு ஆறு வயதில் ஒரு மகள். ஆட்டிசம். காது நன்றாகக் கேட்கும், பேச்சு மட்டும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணியில் இருந்த தன் வீட்டுக்கு அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் போனபோது அந்தப் பெண் மேசைக்கு அடியில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். அக்கா பால் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், கைபேசியைக் கொடுத்தார். எல்லாம் பறந்தன.

நானும் மேசைக்கு அடியில் போய்ப் படுத்தேன். காது கேட்காதவர்களுக்கு அடுத்தவர் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதே பழக்கம். அவள் கண் கூரையில் நின்றுபோயிருந்த காற்றாடிக்குப் போய்ப் போய் வந்தது. நான் ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினேன். உதைப்பது நின்றது. என் விரலைப் பிடித்து அவளே சுழற்றினாள். எழுந்து போய் சுவிட்சைப் போட்டேன். அன்று மாலைக்குள் அந்தக் காற்றாடியை இருபது தடவையாவது நிறுத்தி ஓட விட்டிருப்போம்.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னை உடுப்பு மாற்றும் அறையில் பிடித்து நிறுத்தினார். முகமூடியை இறக்கிவிட்டு, நான் உதட்டைப் படிக்க வசதியாக மெதுவாகச் சொன்னார்.

"ஆறு வருசமா அவ எங்கிட்ட ஒன்னுமே கேட்டதில்லடி. நேத்து விரல சுத்தி ஃபேன் கேட்டா."

அந்த வாரமே மகள் போகும் சிறப்புக் குழந்தைகள் மையத்துக்கு அக்கா என்னை அழைத்துப் போனார். ஒரு மாடி வீட்டில் நடந்த சின்ன மையம். அதன் பொறுப்பாளர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாயை அகலமாகத் திறந்து கேட்டார்.

"புள்ளைங்க அழுதா உங்களுக்கு எப்படிம்மா கேக்கும்?"

நான் கைபேசியில் தட்டிக் காட்டினேன்: 'கேட்காது. ஆனால் அழப்போகிற முகம் எனக்கு முன்னாடியே தெரியும்.' அவர் அதை இரண்டு முறை படித்தார். வேலை இல்லாத நாட்களில் வந்து உதவி செய்யுங்கள், பார்க்கலாம் என்றார்.

பெருமையாகத் தட்டிய அந்தப் பதில் மூன்றாம் மாதம் பொய்யானது. நான் பலகையில் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு பையன் நாற்காலியிலிருந்து விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான். அடுத்த அறையிலிருந்து ஆள் ஓடி வரும்வரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவன் அம்மா வந்து பேசியது வேகமாக இருந்தது, பிடிபடவில்லை. மகளைக் கூட்டிப்போக வந்திருந்த அக்காவிடம் கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை.

"செவிட நம்பி எப்படி புள்ளய விடறதுன்னு கேட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம், இனி போகப் போவதில்லை என்று சொன்னேன். மறுநாள் அவன் என்னைத் தன் காடியில் ஏற்றிக் கூலிமுக்குக் கூட்டிப் போனான். மளிகைக் கடைகளில் திருடனைப் பார்க்க மூலையில் மாட்டுவார்களே, அந்தப் புடைத்த வட்டக் கண்ணாடி, அதில் மூன்று வாங்கினான். மையத்தில் பலகைக்கு மேலே ஒன்று, மூலைகளில் இரண்டு. மாட்டியதும் அவனேதான். பொறுப்பாளர் அம்மா இதற்குத் தடை சொல்லவில்லை.

அடுத்த வாரம் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் அந்தப் பையனின் அம்மா தெரிந்தார். வாசலில் நின்று, நான் பார்க்கிறேனா என்று சோதிக்கக் கையைத் தூக்கினார். நான் திரும்பாமலே கையை ஆட்டினேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிறப்புக் கல்வி டிப்ளோமாவுக்கு முதல் முறை விண்ணப்பித்தபோது நேர்காணலுக்கு வர வேண்டிய சைகை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினேன், நேரம் முடிந்துவிட்டது, இடம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அம்மாதான் பயந்துபோனார். மறு வருடம் என் வகுப்பின் காணொளிகளையும் பொறுப்பாளர் அம்மாவின் கடிதத்தையும் கொண்டு போனேன். கிடைத்தது.

வார இறுதி வகுப்புகளில் மலாய் விரிவுரையைக் கைபேசி எழுத்தாக மாற்றித் தரும். மலாயில் அப்பா 'ஆயா', கோழி 'ஆயாம்', கைபேசிக்கு இரண்டும் ஒன்றுதான். பிள்ளை வளர்ப்பில் கோழியின் பங்கு பற்றி என்னிடம் ஒரு பக்கம் குறிப்பு இருக்கிறது.

தேறியதும் தொழிற்சாலையை விட்டேன். மையத்தில் எட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு நான்தான் டீச்சர். முதல் சுற்றுலா கோலா கெடாவுக்கு, படகுகள் பார்க்க. படகுத்துறையில் மீனுக்கும் வலைக்கும் சைகை காட்டியபடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். காலடியில் பலகை அதிர்ந்தது. திரும்பினால் எட்டுப் பேரும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், துணைக்கு வந்த இளைய டீச்சரும் அவர்களோடு. லங்காவித் தீவுக்குப் போகும் ஃபெர்ரி ஊதியிருக்கிறது. அத்தனை பேரில் ஆடாமல் நின்றது நான் ஒருத்திதான், அதில் என் பெருமை ஒன்றும் இல்லை.

நானும் உட்கார்ந்தேன். அவர்களில் அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமியின் கையை எடுத்துப் படகுத்துறையின் இரும்புக் கம்பியில் வைத்து, மேலே என் கையை வைத்தேன். ஃபெர்ரி கிளம்பும்போது மறுபடி ஊதியது. கம்பி நடுங்கியது. அவள் கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னொரு கையையும் கொண்டு வந்து வைத்தாள். ஒவ்வொருவராக எழுந்து வந்து கம்பியைப் பிடித்தார்கள். அடுத்த ஃபெர்ரிக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், யாரும் நகர மாட்டேன் என்றார்கள்.

வேனில் ஏறியதும் இளைய டீச்சர் தன் காது இன்னும் இரைவதாகச் சொன்னார். எனக்குப் பசிக்கிறது என்றேன். வேன் ஓட்டுநர், மீன்குழம்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ஒரு லக்சா கடையில் நிறுத்தினார். ஐந்து பேர் லக்சா சாப்பிட்டார்கள், இரண்டு பேர் அவித்த முட்டை மட்டும். ஒருவன் எல்லாருடைய தட்டிலிருந்தும் வெள்ளரிக்காயைப் பொறுக்கித் தின்றான்.