ஐந்து மணிக்குப் பிந்திய குட்டைத் தூண்

மற்றவர்களின் பிழையைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. அக்கா ஒருத்திதான் அதைச் சகித்துக்கொண்டவள். "ஒனக்கு நாக்குக்குப் பதிலா செவப்புப் பேனைய வச்சுட்டாங்க தம்பி" என்பாள். அம்மா, அப்பா போன பிறகு அவள் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் தனியாக இருந்து கொழுந்தெடுத்தாள். நான் பதுளை நகரத்தில், அந்தத் தோட்டத்தையும் நடத்துகிற கம்பனியின் அலுவலகத்தில், ஃபேன் காற்றில் கணினி தட்டினேன்.

தோட்டங்களுக்கு எலக்ட்ரோனிக் தராசு வந்திருந்தது. கொழுந்தெடுப்பவர் தன் இலக்க அட்டையைத் தராசில் தட்டிவிட்டுப் பையை வைத்தால் இலக்கம், எடை, நேரம் மூன்றும் எங்களுக்கு வந்துவிடும். பெயர் வராது. அக்காவின் இலக்கம் எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை.

அந்தி நிறுவை முடியத் தாமதமாகிறது, லொறி காத்துக் கிடக்கிறது, என்னவென்று பாருங்கள் என்றார் முகாமையாளர். எந்த நேரத்தில் எத்தனை பேர் நிறுக்கிறார்கள் என்று தூண் தூணாகக் காட்டும் படத்தை, பள்ளிக்கூடத்தில் வலையுரு வரையம் என்று படித்ததை, ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன். முதலில் குளறுபடி. தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்டிருந்ததால் படம் நாள்வாரியாக விரிந்தது. கணினிக்கு ஒரு முழு நாள் என்பது வெறும் ஒன்று. மாலை ஐந்து மணி அதற்கு 0.7083. தேதியைக் கழித்து, மிச்சமிருந்த தசமங்களைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பிரித்த பிறகுதான் படம் சரியாக வந்தது. நாலரையை ஒட்டி உயரமான தூண்கள். ஐந்துக்கு அப்பால் ஒரே ஒரு குட்டைத் தூண்.

"இது யாரு?" என்று முகாமையாளர் அந்தக் குட்டைத் தூணில் விரலை வைத்தார்.

"அசமந்தமா வர்றவங்க சார். கொஞ்சப் பேருதான்."

யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வராதே.

அடுத்த மாதத்திலிருந்து ஐந்து மணிக்குத் தராசு மூடப்பட்டது. அந்தி நிறுவையைத் தவறவிட்டால் அரைப் பேர், அதாவது அன்றைக்குப் பாதி நாள் வேலை என்றுதான் பதிவாகும். மறுபடி படம் போட்டேன். குட்டைத் தூணைக் காணோம். முகாமையாளர் என் முதுகில் தட்டினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கி வந்த அக்கா, வாளியை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஏத்தம் ஏறுனா மூச்சு வாங்குது தம்பி."

"ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே" என்றேன். சொன்ன கையோடு என் வலையுருவைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன். அஞ்சு மணிக்குப் பிறகு ஆடி அசைஞ்சு வர்ற சோம்பேறிகளை ஒரே படத்துல ஒழிச்சிட்டேன் என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "அது நீயா செஞ்ச?"

"பின்ன?"

"கெட்டிக்காரன்தான்" என்று சிரித்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனாள்.

ஆறு வாரம் கழித்து அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. அக்கா மலையிலேயே, தேயிலைச் செடியோரம் உட்கார்ந்தபடி இறந்திருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு, அவளுடைய நிரையில் கொழுந்தெடுத்த பெண் ஒருத்தி அக்காவின் அட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க தம்பி. மூணு மாசமா அவங்களால ஏத்தம் ஏற முடியல. அஞ்சு மணிக்கு மூட ஆரம்பிச்சதும் நாங்கதான் அவங்க பையத் தூக்கிட்டுப் போயி அவங்க அட்டையத் தட்டுனோம். அவங்க பொறவு மெதுவா வருவாங்க. அன்னைக்கும் நாலரைக்கே ஒக்காந்துட்டாங்க. களைப்பாறுறாங்கன்னுதான் நெனச்சோம். நிறுத்துட்டு வந்து பாத்தா..."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்றோம்னுதான் சொன்னோம். தம்பிக்கு ஆபீஸ்ல நல்ல பேரு, அதக் கெடுத்துறாதீங்கன்னு தடுத்துட்டாங்க."

பதுளைக்குத் திரும்பி, அட்டையிலிருந்த இலக்கத்தை வைத்து வடிகட்டினேன். பழைய படத்தின் குட்டைத் தூணில் முக்கால்வாசி அக்காதான். 5.05, 5.09, 5.14 என்று அவள் வாரத்துக்கு வாரம் பிந்திக்கொண்டே வந்திருக்கிறாள். யாராவது பார்த்திருந்தால் அவள் உடம்புக்கு முடியவில்லை என்று அந்த வரிசையே சொல்லியிருக்கும். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அசமந்தம் என்றேன். அதை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. தராசை ஐந்துக்கு மூட ஆரம்பித்த பிறகு அவள் நேரங்களெல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள் முன்னால், எப்போதும் அதே இன்னொரு இலக்கம். அந்தப் பெண்ணுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசி நாளிலும் ஒரு வரி இருந்தது: 4.52, பதினோரு கிலோ.

அன்றைக்கு அக்காவின் அட்டையை மற்றவர்கள் தட்டிய விஷயம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மூலம் முகாமையாளருக்கும் எட்டியிருந்தது. என் மேசைக்கு வந்து நின்றார். இரங்கல் சொன்னார். பிறகு தணிந்த குரலில், "அந்த ஒரு வரிய எடுத்துருங்க. பிழையான டேட்டா" என்றார்.

பிழைதான். 4.52க்கு அவள் தராசடியில் இல்லை. ஒருவேளை எங்குமே இல்லை.

"சரி சார்" என்றேன். அவர் போனதும் கோப்பை அப்படியே சேமித்து மூடினேன். அந்த வரி இன்றும் அங்கே இருக்கிறது. அன்றைக்கு அக்காவுக்கு முழுப் பேர்.