யாரும் வராத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

பேய், பிசாசு, முன்னோர் கனவில் வந்து சொன்னார்கள் என்றெல்லாம் யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்து, அங்கேயே வாக்கப்பட்டு, கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். எண்ணில் வராத எதையும் ஒத்துக்கொள்ளாத பிழைப்பு. என்ன செய்ய, எனக்கு நடந்தது எண்ணில்தான் வந்தது. கேட்டுவிட்டு ‘ஏதோ மெஷின் கோளாறு’ என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். சொல்லுங்கள். நானே பல மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே ஒரு சின்ன ஏசி அறையில் பழைய சர்வர்கள் வரிசையாக நின்றன. நோயாளி பதிவுக்கு ஒன்று, லேப்புக்கு ஒன்று, மருந்துக்கடைக்கு ஒன்று, எக்ஸ்ரே படத்துக்கு ஒன்று என்று எல்லாம் கிழடு தட்டிப் போனவை. அத்தனையையும் கழட்டிவிட்டு இரண்டே இரண்டு பெரிய மெஷின் வைத்து, அதற்குள்ளேயே பழைய சர்வர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குடிவைப்பதுதான் எங்கள் கம்பெனிக்கு வந்த வேலை. வர்ச்சுவலைசேஷன் என்பார்கள். ஒரே வீட்டில் நாலைந்து குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமா, வராதா? அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, சோதித்தும் பார்த்துச் சொல்வது என் பங்கு. என்னோடு சலீம் பாய். பரங்கிப்பேட்டைக்காரர், என்னைவிட மூத்தவர், இந்தத் தொழிலில் அவர் பார்க்காத மெஷின் இல்லை.

கணக்குப் போட முதலில் பழைய சர்வர்கள் எவ்வளவு உழைக்கின்றன என்று தெரியவேண்டும். அதற்காக ஒரு ரெக்கார்டரை ஓடவிட்டு, எந்த நேரத்தில் எவ்வளவு வேலை வருகிறது என்று சில வாரம் பதிவு செய்தோம். சராசரியை மட்டும் பார்க்கக் கூடாது. சராசரியைப் பார்த்து பஸ் விட்டால் ஆருத்ரா தரிசனத்தன்று சிதம்பரத்துக்கு யார் போய்ச் சேர முடியும்?

அப்படிப் பதிவு ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அங்கே இருந்தேன். ஞாயிறு வெளிநோயாளி கிடையாது, அவசரப் பிரிவு மட்டும்தான். சலீம் பாய் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நான் சர்வர் அறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, சர்வர்களின் சுமையைக் காட்டும் கோடு திரையில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பதைப் பார்த்தபடி கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கோடு எழுந்தது.

முதலில் கொஞ்சம். பிறகு ஒரு சின்னப் பள்ளம். அதன்பின் செங்குத்தாக ஏறியது பாருங்கள், திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில்கூட அப்படி நான் பார்த்ததில்லை. பதிவு, லேப், மருந்துக்கடை மூன்றும் ஒன்றாக ஏறின. பக்கத்தில் இருந்த பழைய சர்வரின் விசிறி இரைய ஆரம்பித்தது. கை வைத்தேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. விபத்து ஏதோ நடந்து ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

ஹாலில் ஒரு ஈ காக்கை இல்லை. பதிவு கவுண்ட்டரில் கம்ப்யூட்டர்கள் அணைந்து கிடந்தன. நான் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தன. மருந்துக்கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. அவசரப் பிரிவுக்குள் எட்டிப் பார்த்தால், ஆரோக்கியமேரி சிஸ்டர் தனியாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பல வருஷமாக அந்தப் பிரிவைத் தாங்குகிறவர்.

“இன்னா ஜெயந்தி, இப்பிடி மூச்சு வாங்குது?”

“கேஸ் ஏதாச்சும் வந்துதா சிஸ்டர்?”

“ஒரு சுளுக்கு வந்துது, கட்டுப் போட்டு அனுப்பிட்டேன். ஏன்?”

திரும்பி ஓடி வந்து பார்க்கிறேன், கோடு இன்னும் உச்சியில்தான் நிற்கிறது. யாரோ கேட்கிறார்கள், சர்வர் பதில் சொல்கிறது. ஆனால் உள்ளே புதிதாக ஒரு நோயாளியின் பெயர்கூடப் பதிவாகவில்லை. வேலை தருவது யார் என்று பார்த்தேன். அந்த நீண்ட பட்டியலில் மேலே இருந்த பெயர்களே போதுமாக இருந்தன. கொஞ்சம் முன்னால் நான் தொட்டுப் பார்த்த, அணைந்து கிடந்த அதே கவுண்ட்டர் கம்ப்யூட்டர்கள். சாயங்காலம் வாக்கில் கோடு மெல்ல இறங்கிப் பழையபடி படுத்துக்கொண்டது.

சலீம் பாய் வந்து எல்லாவற்றையும் அலசினார். வைரஸ் ஸ்கேன் ஓடியதா? இல்லை. பேக்கப்? இல்லை. வெளியிலிருந்து யாராவது உள்ளே நுழைந்தார்களா? அதுவும் இல்லை.

“வுட்ரும்மா. ரெக்கார்டருக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும். அந்த ஒரு நாளைக் கழிச்சிட்டுக் கணக்குப் போடு” என்றார்.

“விசிறி எரைஞ்சுது பாய். சூடா இருந்துது. அதுவுமா பைத்தியம்?”

அவர் குனிந்து அந்த விசிறியைப் பார்த்தார்.

காரணம் தெரியாத அளவை எடுத்தெறியாதே என்பது எங்கள் தொழிலில் ஒரு பாடம். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பாடம் மட்டும் இல்லை. அந்த வெறிச்சோடிய ஹாலில் நின்றபோது அங்கே ஆட்கள் நெருக்கியடித்து நிற்பதுபோல எனக்கு ஒரு உணர்வு. என்னைச் சுற்றிப் போகாமல் எனக்குள் புகுந்தே போகிறார்கள் என்பதுபோல. இதை நான் சலீம் பாயிடம்கூட அப்போது சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பெரிய அளவில் மெமரியும் வேகமான டிஸ்க்கும் வேண்டும். நிர்வாகி ராமலிங்கம் சார் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இவ்ளோ கூட்டம் நம்ம ஆஸ்பத்திரிக்கு எங்கம்மா வரப்போவுது? வந்தா எனக்கும் சந்தோஷந்தான்.”

“ஒரே ஒரு சோதனை சார். நீங்க பக்கத்துல இருந்து பாருங்க, போதும்.”

புது மெஷின்களில் சின்ன அளவிலேயே எல்லாவற்றையும் குடிவைத்து, அந்த ஞாயிறு மதியத்தின் பதிவை அப்படியே திரும்ப ஓடவிட்டேன். போலிக் கூட்டம்தான், ஆனால் சுமை நிஜம். அது உச்சிக்கு ஏறும்போது சிஸ்டரைக் கூப்பிட்டு, “இப்ப ஒரு ஆளைப் பதிவு பண்ணுங்க சிஸ்டர்” என்றேன். அவர் பெயரைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டிஸ்க்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு, லேப் பக்கமும் உறைந்துபோய் நின்றது.

சிஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு ராமலிங்கம் சாரைப் பார்த்தார். “சார், நெசமாவே ஒரு கொழந்தையத் தூக்கினு வந்து எதுக்க நின்னாங்கன்னு வெச்சிக்குங்க. நான் இந்த வட்டத்தையா பாத்துனு இருக்கறது?”

அவர் திரையில் சுற்றும் வட்டத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, “செய்ங்கம்மா” என்றார்.

மெமரியைக் கூட்டினோம், டிஸ்க்கை மாற்றினோம். நெருக்கடி வந்தால் அவசரப் பிரிவுக்கும் லேப்புக்கும்தான் முதல் உரிமை, மற்றவை காத்திருக்கட்டும் என்று அமைத்தோம். மறுபடி அதே பதிவை ஓடவிட்டேன். தாங்கியது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் திரும்பத் திரும்ப ஓடவிட்டதில் அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கம் என் பையன் முகம் மாதிரி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. முதலில் சின்ன ஏற்றம், ஒரு பள்ளம், அப்புறம் செங்குத்து.

மாதங்கள் போயின. வேலை முடிந்து பழைய சர்வர்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டார்கள். நானும் அதை மறந்துபோனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போனில் எச்சரிக்கை மணி அடித்தது, சிதம்பரம் மெஷினில் சுமை ஏறுகிறது என்று. லேப்டாப்பைத் திறந்தேன். சின்ன ஏற்றம். என் கண் முன்னாலேயே பள்ளம் விழுந்தது. பள்ளத்தின் அடியிலிருந்து கோடு தலைதூக்க ஆரம்பித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் சோதனையை யாரோ தெரியாமல் ஓடவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அவசரப் பிரிவுக்குப் போன் போட்டேன்.

“சிஸ்டர், அங்க யாராச்சும் டெஸ்ட்டு ஓட வுட்டிருக்காங்களா?”

“டெஸ்ட்டா? அய்யோ ஜெயந்தி, இங்க வேன் வேனா வந்து எறங்கறாங்கம்மா! கல்யாண வூட்டுச் சாப்பாடு, அத்தினி பேருக்கும் வாந்தி பேதி. மொத வேன் வந்துது, சரி இவ்ளோதான்னு நெனச்சோம், இப்ப ரெண்டு பஸ்ஸு ஒண்ணா வந்து நிக்கிது…”

பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம். முதல் வேனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் அந்தப் பள்ளம். எனக்கு அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர்தான் அணைத்துவிட்டு பைக்கை எடுத்தார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் எப்போது தாண்டினோம் என்று எனக்குத் தெரியாது.

போய்ச் சேர்ந்தபோது சலீம் பாய் ஏற்கனவே அங்கே இருந்தார். ஹால் முழுக்க ஆட்கள். பட்டுப்புடவைகள், சந்தனம், வாழைநார் வாடை, வாந்தி வாடை. நான் அன்று நின்ற அதே இடத்தில் நின்றேன், கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த இடி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? இவர்கள் இருக்கிறார்கள், தொட்டால் தெரிகிறார்கள்.

கம்ப்யூட்டர் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பதிவு ஓடியது, லேப் ரிசல்ட் வந்தவுடன் டாக்டர் திரையில் தெரிந்தது. பெண்குழந்தை ஒன்று துவண்டுபோய் அம்மா தோளில் கிடந்தது. அதன் ரத்தத்தில் உப்பு ரொம்ப இறங்கியிருப்பதாக ரிசல்ட் வர, சிஸ்டர் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்து டிரிப்பை மாற்றினார். பொழுது சாய்வதற்குள் அது கண்ணைத் திறந்து பிஸ்கட் கேட்டது. அம்மாக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், மாலையை டிரிப் ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் படுத்திருந்தார்கள்.

“இன்னாத்தம்மா பாத்துனு இருக்கீங்க? மொய் எழுத வந்தீங்களா?” என்று மாப்பிள்ளைப் பையன் என்னைக் கேட்க, வார்டே சிரித்தது.

ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லாரும் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள். ராமலிங்கம் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்டிம்மா தெரிஞ்சிது உனக்கு?” என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். அவர் நம்பவில்லை.

பிறகு ஒரு நாள் நானும் சலீம் பாயும் உட்கார்ந்து, பழைய ஞாயிற்றின் கோட்டையும் இந்த ஞாயிற்றின் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். இரண்டு கோடு என்று சொல்லவே முடியவில்லை. சலீம் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, “அல்லாஹ் அறிவான்” என்றார். அவ்வளவுதான். எனக்குப் பயம் இல்லை. இதைச் செய்தது எதுவாக இருந்தாலும், அது அந்தக் குழந்தைக்கு நல்லதைத்தான் நினைத்திருக்கிறது. இன்றைக்கும் இதுதான் என் எண்ணம்.

ஆனால் ஒன்று இருக்கிறது. சலீம் பாய்க்குத் தோண்டாமல் இருக்கமுடியாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டிலும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் பதிந்து வரும். ஒன்றுக்கு உள்ளது உலகத்தில் இன்னொன்றுக்கு இருக்காது. பழைய பதிவில் வேலை தந்த கம்ப்யூட்டர்களின் எண்களை அவர் கடைசிவரை பார்த்துக்கொண்டே போனார். அடியில் ஓர் எண், எங்களுக்குப் பழக்கமில்லாதது. தேடினால், அவசரப் பிரிவுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய அறையில் இருக்கிற கம்ப்யூட்டர். அந்தக் குழந்தையைப் படுக்கவைத்திருந்த அறை. பதிவு எடுத்த காலத்தில் அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துவார்கள்.

பழைய கம்ப்யூட்டராக இருக்கும், முன்பே ஆஸ்பத்திரியில் வேறெங்காவது இருந்திருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் அந்த அறைக்குப் போய், கம்ப்யூட்டரைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த லேபிளைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு என்னைப் படிக்கச் சொன்னார். தயாரித்த மாதம் அதில் அச்சடித்திருந்தது. நாங்கள் பதிவு எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ரொம்பப் பிந்திய மாதம். அன்று அந்தக் கம்ப்யூட்டர் உலகத்திலேயே இல்லை.

இப்போதும் வேலையாக அங்கே போவேன். சிஸ்டர் டீ கொடுப்பார், உட்காரச் சொல்வார். நின்றபடியே குடித்துவிட்டு வருகிறேன். அந்தப் புது அறைக் கம்ப்யூட்டரின் கீபோர்டை மட்டும் இதுவரை நான் தொட்டதில்லை.